நாகையிலிருந்து கல்லணை வரை: யாழ்ப்பாணத்து சாரதியோடு ஐந்து நாள்

முதல் நாள்: நாகப்பட்டினம், திருவாரூர்

காங்கேசன்துறையிலிருந்து வந்த கப்பல் நாகை துறைமுகத்தில் அணைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சோதனையெல்லாம் முடிந்து அண்ணன் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. ஒரு தோள்பை, ஒரு கைப்பை, ஓலைக் குட்டானில் பனங்கட்டி. "எப்பிடித் தம்பி இருக்கிறியள்?" என்று கையைப் பிடித்தவர் அடுத்துக் கேட்டது, "வாகனம் நீங்கள்தான் ஓடப் போறியளோ?"

அண்ணனுக்கு ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். முப்பது வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறார். போன வருடம் நானும் மனைவியும் யாழ்ப்பாணம் போயிருந்தபோது நான்கு நாள் அவர் வேனில்தான் சுற்றினோம். நல்லூர், கீரிமலை, பருத்தித்துறை எல்லாம் பார்த்தோம். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் பேசியது அந்த ஊர் ரோட்டைப் பற்றித்தான். இப்போது அவர் சிதம்பரம், திருநள்ளாறு என்று தலயாத்திரை வருகிறார். ஐந்து நாளும் நானே காரில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு நல்ல சாரதியின் கண்ணுக்கு நம் ரோடு எப்படித் தெரிகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அன்றன்று இரவே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இந்தக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாலு மணி நேரப் பயணம். பக்கத்து நாடு என்று சொன்னாலும் திருவாரூரிலிருந்து மதுரை போகிற நேரம்தான். சட்டமும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. இரண்டு இடத்திலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே 1951-ல் போட்ட மோட்டார் சட்டம். இங்கே 1988-ல் போட்டு, 2019-ல் திருத்தி அபராதத்தை ஏற்றிய சட்டம். ஊருக்கு வெளியே சாதாரண ரோட்டில் காருக்கு அங்கே 70 கிலோமீட்டர்; 2018-ல் நம் மத்திய அரசு வகுத்த உச்ச வரம்பிலும் அதே 70. ஏட்டில் பார்த்தால் ஒரே நாடு என்று சொல்லிவிடலாம்.

டீ குடிக்க எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது. பாதசாரிகளுக்கான வெள்ளைக் கோடு பாதி அழிந்துபோய்க் கிடந்தது. அண்ணன் நேராக அதன் முனையில் போய் நின்று, ஒரு காலை எடுத்து ரோட்டில் வைத்தார். நகரப் பேருந்து ஒன்று ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டே அவர் செருப்பை உரசுகிற மாதிரிப் போனது. காலை இழுத்துக்கொண்டார். மறுபடி வைத்தார். இரண்டு பைக், ஓர் ஆட்டோ. மறுபடி இழுத்துக்கொண்டார்.

"தம்பி, இது கடவைதானே? ஒருத்தரும் நிப்பாட்டேல்லயே?"

மீன் கூடையோடு ஓர் அம்மா வந்தார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. இடக்கையை வண்டிகளை நோக்கி நீட்டி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே இறங்கி நடந்தார். வண்டிகள் மெதுவாயின. அவர் பின்னால் நாங்கள் இருவரும் ஓடினோம்.

போன வருடம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. மஞ்சள் கடவையின் முனையில் நின்று, பழக்க தோஷத்தில், பஸ் போகட்டும் என்று பின்வாங்கினேன். அந்த பஸ் நின்றுவிட்டது. நின்று, நான் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கால் ஓடவில்லை. கண்டக்டர் கையால் "போங்கோ" என்று காட்டிய பிறகுதான் நடந்தேன். ஐம்பது வயதில் ஒரு பேருந்து எனக்காக நின்றது அதுதான் முதல் தடவை. கடவையில் ஆள் இருந்தால் வண்டி நிற்க வேண்டும் என்று நம் நாட்டின் 2017-ம் வருட ஓட்டுநர் ஒழுங்குமுறையிலும் எழுதித்தான் இருக்கிறது.

சிக்கல், கீழ்வேளூர் வழியாகத் திருவாரூர் வந்து சேர்ந்தோம். சித்தப்பா வீட்டில் தங்கல்.

இரண்டாம் நாள்: மன்னார்குடி பக்கம், எங்கள் ஊர்

புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு. பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் ரோட்டில் பாதி நெல்லாகிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இரவெல்லாம் மழை தூறுகிறது, களம் போதவில்லை. வெயில் பட்டுச் சூடேறிய தார் ரோட்டைத் தவிர நெல்லைக் காயவைக்க வேறு இடம் கிடையாது. நானும் விவசாயி மகன்தான், யாரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் நெல்லின் மேல் வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைக்கிறார்கள். செங்கல், கருங்கல், தென்னங்கட்டை. சாயங்காலம் நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். கல் அங்கேயே கிடக்கும். கறுப்பு ரோட்டில் கறுப்புத் தார்ப்பாய், தெருவிளக்கு கிடையாது. எதிரே வருகிறவனின் விளக்கு கண்ணில் அடிக்கும்போது அந்தக் குவியல் பைக்கில் வருகிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பக்கத்தில் வருடா வருடம் இப்படி விழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"எங்கட கிளிநொச்சி, பரந்தன் பக்கமும் இதேதான். காலபோகம் வெட்டினா வீதியிலதான் நெல் காயும்" என்றார் அண்ணன். காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், நடு ரோட்டுக்கு உருண்டு வந்திருந்த ஒரு கல்லைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு வேகத்தடை. அந்த இடத்தில் நான் எப்போதும் காரை மெதுவாக்கி, ஏறக்குறைய நிறுத்தித்தான் எடுப்பேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்.

2017 தை மாதம். அத்தான் பைக் ஓட்ட, அக்கா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். மடியில் கடைச் சாமான் பை. ஒரு கை பையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியை. முதல் நாள் ராத்திரிதான் அந்த வேகத்தடையைப் போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. பொதுவான ரோட்டில் வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெதுவாக ஏறி இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவு இருக்கிறது. கோடும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கச் சொல்லியிருக்கிறது. இது ஒரு முழ அகலம், முக்கால் அடி உயரம், வரப்பு மாதிரி. பைக் எகிறியது. அத்தானுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். அக்காவுக்குப் பின்மண்டையில் அடி. வழியில் வந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் தூக்கிப்போட்டுக்கொண்டு மன்னார்குடிக்கு ஓடினார். அங்கிருந்து தஞ்சாவூர். மூன்றாம் நாள் விடியற்காலையில் அக்கா போய்விட்டார்.

அந்த ஆட்டோக்காரரின் பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கேட்டபோது, "கேசு கீசுன்னு இழுக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உதவி செய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருந்தது; 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு என்று சட்டமாகவே வந்துவிட்டது. பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. சாட்சியாக வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. இது இன்னும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் கடைத்தெருவைத் தாண்டுகிற வரையில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பத்து பைக் போனால் ஆறேழு பேர் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்கு முன்னால் அதுகூட இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. மனைவி, அம்மா, தாத்தா, கைக்குழந்தை. யாரும் இல்லை.

"பின்னுக்கு இருக்கிற ஆளுக்கும் தலை இருக்குத்தானே தம்பி?"

யாழ்ப்பாணத்தில் என் மனைவிதான் இதை முதலில் கவனித்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களெல்லாம் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். சேலைக்காரர்கள், நல்லூருக்குப் பூத்தட்டோடு போகிறவர்கள், எல்லோரும். நம் சட்டத்தில் 129-வது பிரிவு, நான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் போட வேண்டும் என்றுதான் சொல்கிறது. முன்னால், பின்னால் என்று பிரித்துச் சொல்லவில்லை. அதற்குக் கீழே, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற வார், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. அப்படி ஒரு வாரை எங்கள் கடைத்தெருவில் நான் கண்ணால் பார்த்ததில்லை.

"எங்கட சனம் நல்ல சனம் எண்டு நினையாதேங்கோ" என்றார் அண்ணன். "பிடிச்சுப் பிடிச்சு எழுதித்தான் இந்தப் பழக்கம் வந்தது. பின்னுக்கு இருக்கிறவை போடாட்டியும் ஓடுறவனுக்குத்தான் தண்டம்." இந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்த ஐந்து நாளையும் எழுதலாம். அங்கிருக்கும் மக்கள் வேறு, நாம் வேறு என்று நானும் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது அம்மா, "நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு யார் வண்டியில கூட்டிப்போறது?" என்று கேட்டார். நான் ஊரில் இருந்தால் நான்தான். நான் ஹெல்மெட் போட்டுக்கொள்வேன், அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருவார். அக்கா போய் இத்தனை வருடமாகியும் அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. கேட்டால் கொண்டை, பூ என்று ஏதாவது சொல்லியிருப்பார். நானும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள்: நீடாமங்கலம், தஞ்சாவூர்

நீடாமங்கலம் ரயில்வே கேட். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட் சாத்தியதும் வலப்பக்கம் காலியாக இருக்கிறதே என்று பைக்குகள் ஏறி வந்து நிற்கும், அதன் பின்னால் கார், அதன் பின்னால் மினி லாரி. அந்தப் பக்கமும் அதேபோல் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். கேட் திறந்ததும் இரண்டு படைகள் முட்டிக்கொண்டது போல் ஆகிவிடும். அரை மணி நேரம் நின்றோம்.

இதில் மட்டும் அண்ணன் நம் பக்கம் பேசினார். அகலப்பாதையில் ஆளில்லாத கேட் என்பதே இந்தியாவில் 2019 ஜனவரியோடு ஒழிந்தது. இலங்கையில் இன்னும் தடுப்பே இல்லாத கடவைகள் நிறைய. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை வந்த பிறகு, இருபது வருடத்துக்கு மேலாக ரயிலையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டப் பழக வேண்டியிருந்தது என்றார். 2005-ல் பொல்காவலை அருகே பஸ் ஒன்று ரயிலில் மோதி முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததையும் சொன்னார். ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: 2025 ஜூலை 8-ம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள்.

தஞ்சாவூருக்குள் நுழையும் இடத்தில் போலீஸ் சோதனை. அதற்கு நூறு அடி முன்னால் ஒரு பையன் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தான். வாரைப் போடவில்லை. சோதனையைத் தாண்டியதும் மறுபடி டேங்கின் மேல். பின்னால் இருந்த பெண்ணை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். மூன்று மாதம் லைசென்சை முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அங்கே பிடித்தால் எப்படி என்று கேட்டேன். பொலிஸ் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு தண்டச் சீட்டு எழுதித் தரும். அதைக் கொண்டுபோய்த் தபாற்கந்தோரில், அதாவது தபால் நிலையத்தில், பணம் கட்டி, ரசீதோடு பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பி வந்து பத்திரத்தை வாங்க வேண்டும். "காசு பெரிசில்லைத் தம்பி. அரை நாள் உழைப்புப் போகும். அதுதான் உறைக்கும்" என்றார். 2025-லிருந்து போனிலேயே கட்டுகிற வழியும் வந்திருக்கிறதாம். நமக்கு மெசேஜ் வருகிறது, எப்போதாவது கட்டுகிறோம், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

லைசென்ஸ் எடுப்பதிலும் ஒரு வித்தியாசம் உறுத்தியது. அங்கே சொந்த வண்டி ஓட்டுகிறவரும் அரசு மருத்துவ நிலையத்தில் கண்ணையும் காதையும் காட்டிச் சான்று வாங்க வேண்டும். எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம்மூரில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நாமே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். இருபது வயதில் எடுத்தவர் நாற்பது வரை யாரிடமும் கண்ணைக் காட்ட வேண்டியதில்லை.

ராத்திரி கணக்குப் போட்டேன். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884. இலங்கை முழுக்க அதே வருடம் சுமார் 2,500. நம் மக்கள்தொகை அவர்களைப் போல் மூன்றரை மடங்கு, சாவு ஏழு மடங்கு. அந்த வருடம் அங்கே பெட்ரோல் இல்லாமல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், வண்டி ஓட்டம் குறைவு, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் இந்த இடைவெளி அதனால் மட்டும் வந்துவிடாது.

நான்காம் நாள்: கல்லணை, திருவையாறு, கும்பகோணம்

கல்லணையில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நாலாகப் பிரிகிற இடத்தில் அண்ணன் இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்கட ஊரில ஆறே இல்லைத் தம்பி. கிணறுதான்." தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், இப்படி ஒற்றிக்கொண்டதில்லை.

ஆனால் அவருக்குப் பயம் பிடித்ததும் அந்த ஆற்றால்தான். திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கரையோர ரோட்டில் வந்தோம். ஒரு பக்கம் பத்தடி பள்ளத்தில் வயல், மறுபக்கம் கரை முட்டத் தண்ணீர். நடுவில் ஒரு பேருந்தும் ஒரு கட்டைவண்டியும் ஒதுங்கிப் போகும் அகலம். மதகு வருகிற இடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச் சுவர், அதிலும் பாதி இடிந்திருக்கும். மற்ற இடத்தில் ஒன்றும் கிடையாது. டெல்டா முழுக்க இப்படி எத்தனை கிலோமீட்டர் ரோடு! எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தது. ரோட்டின் அகலத்துக்கு மேல் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள்கூட இல்லை. நான் காரை ஓரம் கட்டினேன். அண்ணன் பக்கத்துச் சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு சாண் மண்தான்.

"இதால பிள்ளையளின்ர வேனும் போகுமோ?" என்று கேட்டார்.

போகும். தினமும் போகிறது. 2009 டிசம்பரில் வேதாரண்யம் பக்கத்தில் பள்ளி வேன் ஒன்று குளத்தில் கவிழ்ந்து ஒன்பது குழந்தைகள் இறந்ததைச் சொன்னேன். சுகந்தி என்ற ஆசிரியை தண்ணீருக்குள் இருந்து பிள்ளைகளை வெளியேற்றிவிட்டு, தான் வெளியே வர முடியாமல் இறந்துபோனார். இருபத்தோரு வயது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு 2012-ல் சென்னைக்குப் பக்கத்தில், சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்து ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. வண்டியில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில், பள்ளி திறப்பதற்கு முன்னால், எல்லா வண்டிகளையும் ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. அதிகாரிகள் பார்ப்பார்கள். அவசர வழி திறக்கிறதா, தளம் உறுதியாக இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது நமக்குப் பெருமையான காரியம். அண்ணனுக்கும் பிடித்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு, போனில் தமிழில் குறித்துக்கொண்டார். ஊருக்குப் போய்த் தன் வேன்காரர்கள் சங்கத்தில் சொல்வாராம்.

திருவையாற்றில் ஐயாறப்பரைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்துக்கு நான்கு வழிச் சாலையைப் பிடித்தோம். நல்ல சாலை. விக்கிரவாண்டி வரை போகிற இந்தச் சாலைக்காக இந்தப் பக்கத்துக்காரர்கள் பல வருடம் ஏங்கிக் கிடந்தோம். காருக்கு 100 வரை அனுமதி. அண்ணனுக்கு ஒரு நிமிஷம் தெற்கு அதிவேகப் பாதை ஞாபகம் வந்துவிட்டது. 2011 நவம்பரில் திறந்த அந்தப் பாதையிலும் 100தான். ஆனால் அங்கே மோட்டார் சைக்கிள், ஓட்டோ எதுவும் ஏற முடியாது. இங்கே நான் தொண்ணூறில் போய்க்கொண்டிருக்கும்போது வலப்பக்க வரிசையில், எங்களுக்கு நேர் எதிராக, ஒரு டிவிஎஸ் எக்ஸெலில் பால் கேனோடு ஒருவர் வந்தார். அவரைத் திட்டி என்ன செய்ய? அவர் வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். திரும்பும் இடம் தொலைவில். ரோடு போட்டவர்கள் அவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்று யோசிக்கவில்லை. அவரை ஒதுக்கிவிட்டு வேகத்தை மட்டும் நூறாக்கினால் அவர் எதிரேதான் வருவார்.

இலங்கையிலும் எல்லாம் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தனியார் பஸ்ஸும் இ.போ.ச. என்கிற அரசு பஸ்ஸும் ஆள் ஏற்றுவதற்காக ஒன்றையொன்று முந்துவதை நானே யாழ்ப்பாணத்தில் பார்த்தேன். அப்படியே கும்பகோணம் ரூட் தனியார் பஸ்தான், வண்ணம் மட்டும் வேறு.

கும்பகோணத்தில் இரவு ஏழு மணிக்கு ஒரு ஹெல்மெட் கடைக்குப் போனேன். அண்ணனும் வந்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து எடுத்தேன். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. ரோட்டோரங்களில் வைத்து விற்கிற 200 ரூபாய்த் தொப்பிகளை வாங்கிவிடாதீர்கள், அவை விழுந்த வேகத்தில் பிளந்துவிடும். கடைக்காரர், "யாருக்கு சார்?" என்றார். "அம்மாவுக்கு." தலை அளவு என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு போன் போட்டு, மனைவி நூல் கயிற்றால் அம்மாவின் நெற்றியைச் சுற்றி அளந்து சொன்னாள். 54 சென்டிமீட்டர். சின்னத் தலை.

ஐந்தாம் நாள்: சிதம்பரம், காரைக்கால், நாகை

விடியற்காலையில் கிளம்பி மயிலாடுதுறை, சீர்காழி வழியாகச் சிதம்பரம். ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடம் வைத்த ஊர் என்பதால் யாழ்ப்பாணத்தாருக்கு இது சொந்த ஊர் மாதிரி. தரிசனம் நன்றாக ஆனது.

அங்கிருந்து தரங்கம்பாடி வழியாகக் கடலோரமாகவே தெற்கே. எல்லை தாண்டிக் காரைக்காலுக்குள் நுழைந்தால் புதுச்சேரி ஆட்சி, சரக்கு விலை குறைவு. திருநள்ளாற்றில் சனீஸ்வரரைப் பார்த்துவிட்டு நாகைக்குத் திரும்பும்போது மணி எட்டு இருக்கும். இந்தத் துண்டு ரோட்டில் ராத்திரியில் ஓட்டும்போது நான் எதிரே வருகிற விளக்கை நம்புவதில்லை. நேராக வருகிறதா, ஆடி ஆடி வருகிறதா என்று பார்த்து, ஆடினால் காரை நிறுத்திவிடுவேன். நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எழுத்தில் கடுமையான சட்டம்தான்.

ஓரிடத்தில் கூட்டம். பைக் ஒன்று வாய்க்காலுக்குள் கிடந்தது. பையனை ரோட்டோரம் படுக்க வைத்திருந்தார்கள், நினைவு இருந்தது. பத்துப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு பெண் அவன் கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "108 சொல்லியாச்சு, யாரும் தூக்காதீங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்துவிட்டது.

அண்ணன் அந்த வண்டியை உற்றுப் பார்த்தார். அங்கே அதன் எண் 1990, சுவசெரிய. இந்திய அரசின் நன்கொடையில் 2016-ல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. நம் 108-ஐ நடத்திய நிறுவனம்தான் அதற்கும் தொடக்கத்தில் ஆட்களைப் பழக்கிக் கொடுத்தது. "போன மார்கழி என்ர மருமகனை ஏத்தினது அந்த வாகனம்தான்" என்றார். இந்தக் கடலைத் தாண்டி இங்கிருந்து போன ஒரு நல்ல காரியம்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லிவைத்தேன். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டால் 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்று பிரிப்பதில்லை. அக்காவை எடுத்துக்கொண்டு ஓடிய அன்று, முன்பணம் கட்டச் சொல்லி ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் எங்களை நிறுத்தி வைத்தார்கள். நாற்பது நிமிஷம். இந்தத் திட்டத்தைப் பற்றி யாராவது குறைசொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மறுநாள் காலை

துறைமுக வாசலில் அண்ணனை விட்டேன். திரும்பும் வழியில் முதல் நாள் நின்ற அதே கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். ஒரு பள்ளிக்கூடப் பையன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்த வேன் ஹாரன் அடித்தது. பையன் போகவில்லை, நான் போகட்டும் என்று காத்திருந்தான். கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓடினான்.

வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டதில் அம்மாவுக்கு வருத்தம். சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். ஹெல்மெட்டை எடுத்து வைத்ததும் முகம் மாறிவிட்டது. "கொண்டை போட்டா உள்ள போவாது, பின்னிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். பின்னிக்கொண்டு வந்தார். தோடு அழுந்துகிறது என்றார், ஒரு பக்கம் மெல்ல இழுத்துச் சரிசெய்தேன். தாடைக்குக் கீழே வாரைப் போட்டபோது 'டிக்' என்று சத்தம் வந்தது. அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டியிருந்தார். மல்லிகைச் சரத்தை வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வேகத்தடைக்கு இப்போது வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். ஏறி இறங்கியபோது அம்மாவின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் லேசாக இடித்தது. கோயில் வாசலில் இறங்கிக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, இலையைப் பிரித்துப் பூவை வைத்துக்கொண்டார்.